எம்எம் 540 பின் ஆக்சில்: பினியன் சீலை மாற்றும் முன் பிரீத்தரைப் பாருங்கள்

ஷாஃப்ட் சுற்றிவிடும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் பின் ஆக்சிலின் மூக்கு வழியாக உள்ளே போகிறது. அந்த வாயில் ஆயில் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் உதட்டு வளையமான பினியன் ஆயில் சீல், விலை மலிவான சாமான். அதை மாற்றும் வேலைதான் பெரிது. ஷாஃப்டைக் கழற்றி, பெரிய நட்டைத் திருகி, யோக்கை (ஷாஃப்டும் பினியனும் இணையும் கவையை) இழுத்து, ஆயிலை வடித்து, மறுபடி எல்லாவற்றையும் பூட்ட வேண்டும். இவ்வளவு பாடுபட்ட பிறகு பழைய சீல் ஏன் போனது என்று பார்க்காமல் புதியதைத் தட்டிவிட்டு வந்தால், அடுத்த மழைக்கே மறுபடி ஒழுகும். எங்கள் வண்டிக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. போன முறை ஒரு பட்டறையில் சீலை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பழையபடி ஆக்சில் மூக்கில் ஆயில். அதனால் இந்த முறை வீட்டு வாசலிலேயே பிரித்து, காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் பூட்டுவது என்று முடிவு செய்தேன்.

வண்டி மகிந்திரா எம்எம் 540. 91 அங்குல வீல்பேஸ், பூஜோ வடிவமைப்பில் வந்த 2112 சிசி டீசல் எஞ்சின். போடியிலிருந்து போடிமெட்டு ஏறி ஏலத் தோட்டத்துக்குப் போய் வருவதுதான் அதன் பிழைப்பு. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள், அதற்கு மேல் தோட்டத்து மண் பாதை, நடுவே ஓடைகள். ஆளும் உர மூட்டையும் ஏற்றிக்கொண்டு முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஏறுகிற வண்டிக்கு, இந்தப் பாதையில் அதிகம் உழைப்பது பின் ஆக்சில்தான். மகிந்திரா 1947-ல் வில்லிஸ் ஜீப்புகளைக் கோத்து விற்கத் தொடங்கிய காலத்திலிருந்து வந்த பரம்பரை என்பதால், பின் ஆக்சில் பழைய வில்லிஸ் ஜீப்பில் இருந்த டானா 44 வகைதான். இது நமக்கு நல்ல செய்தி. ஏன் என்று நட்டைக் கழற்றும் இடத்தில் சொல்கிறேன்.

ஆயில் எங்கிருந்து வருகிறது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஜீப்புக்கு அடியில் ஆயில் தெரிந்தாலே எல்லோரும் பினியன் சீல் என்று சொல்லிவிடுகிறார்கள். கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் சீல் போனாலும் ஓடும்போது காற்றில் பின்னால் அடித்து ஆக்சில் மேலேயே படியும். டீசலும் பிரஷும் வைத்து ஆக்சில் மூக்கு, யோக், ஷாஃப்ட், ஹேண்ட் பிரேக் டிரம் எல்லாவற்றையும் கழுவித் துடைத்தேன். ஒரு முறை மலை ஏறி இறங்கி வந்து பார்த்தால், டிரான்ஸ்ஃபர் கேஸை ஒட்டியிருக்கும் டிரம் காய்ந்து கிடந்தது. பினியன் யோக்கைச் சுற்றி மட்டும் ஈரம். யோக் சுற்றும்போது சிதறிய ஆயில், அதற்கு நேர் மேலே பாடியின் அடித்தகட்டில் குறுக்காக ஒரு கோடு போட்டிருந்தது. அந்தக் கோடு இருந்தால் சந்தேகமே வேண்டாம், பினியன் சீல்தான்.

இனி வேலைக்குப் போவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இதை இரண்டு முறை படியுங்கள். இந்தப் பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம், பிராப்பெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம்மாக இருக்கிறது. அது ஷாஃப்டைப் பிடிக்கிறது, ஷாஃப்ட் சக்கரத்தைப் பிடிக்கிறது. ஷாஃப்டைக் கழற்றிய அந்த நொடியிலேயே ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் பின் சக்கரங்கள் சும்மா உருளும். கியரில் போட்டிருந்தாலும் அதே கதைதான். நீங்கள் அடியில் படுத்திருக்கும்போது இது நடக்கக் கூடாது. சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து, பின் ஆக்சில் குழாய்க்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான் நான் ஸ்பானரைத் தொட்டேன். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போக வேண்டாம்.

முதலில் ஆயிலை வடித்தேன். பின்பக்கம் தூக்கி நிற்கும்போது பினியன் மூக்கு தாழ்ந்திருக்கும். ஆயில் உள்ளே இருக்க யோக்கை இழுத்தால் எல்லாம் முகத்தில் வரும். திறக்கும்போது ஒரு வரிசை உண்டு: நிரப்பும் பிளக் கழல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வடிக்கும் பிளக்கைத் திறக்க வேண்டும். வடித்த பிறகு நிரப்பும் பிளக் துருப்பிடித்துத் திரும்ப மறுத்தால் வண்டி அங்கேயே நிற்கும்.

வந்த ஆயிலைப் பார்த்ததும் பாதி விஷயம் புரிந்துவிட்டது. கியர் ஆயில் பழசானால் கறுப்பாகத்தான் இருக்கும். இது பால் ஊற்றிய டிகாஷன் மாதிரி சாம்பல் பழுப்பாக வந்தது. உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. தண்ணீர் எந்த வழியாகப் போனது என்று தேடினால், ஆயில் எந்த வழியாக வந்தது என்பதும் தெரிந்துவிடும்.

ஆக்சில் குழாயின் மேல் ஒரு சின்ன மூடி போட்ட பித்தளைத் துண்டு இருக்கும். அதுதான் பிரீத்தர். உள்ளே இருக்கிற காற்று வெளியே போகவும் வரவும் உள்ள ஒரே வழி அது. எங்கள் வண்டியில் அதன் மேல் செம்மண் இறுகி, அதற்கு மேல் யாரோ எப்போதோ அடித்த கறுப்புப் பெயின்ட் பூசி, அது இருப்பதே தெரியவில்லை. ஸ்பானர் போட்டுக் கழற்றி, வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். ஒரு துளி காற்றுகூடப் போகவில்லை.

இது என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் ஆக்சில் 30 டிகிரியில் இருக்கிறது. லோடோடு மலை ஏறி முடிக்கும்போது 90 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மூடிய கூட்டுக்குள் இருக்கிற காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிடும், அதாவது ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ. கேட்கச் சின்ன எண்தான். ஆனால் இந்த மாதிரி ஆயில் சீலின் ரப்பர் உதடு அழுத்தத்தைத் தாங்கச் செய்ததே இல்லை, தெறிக்கிற ஆயிலைத் தடுக்கத்தான் செய்தது. அழுத்தம் அந்த உதட்டை யோக்கின் மேல் அழுத்தி, சூடாக்கி, தேய்க்கும். கொஞ்சம் ஆயிலையும் வெளியே தள்ளும். அப்புறம் சூடான ஆக்சிலோடு ஓடையில் இறங்கினால் உள்ளே காற்று சட்டென்று சுருங்கி வெளியே இருப்பதை இழுக்கும். வெளியே இருப்பது ஓடைத் தண்ணீர். பிரீத்தர் அடைத்திருந்தால் அது சீல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். போன முறை போட்ட சீலில் எந்தக் குறையும் இல்லை, அதற்கு மூச்சு விட இடமில்லை.

தண்ணீர் பார்த்ததால் பின் மூடியையும் திறந்தேன். பத்து போல்ட்டுகள். பினியன் சுற்றுகிற பெரிய பல்சக்கரமான கிரவுனின் பற்களில் துருப் புள்ளிகள் இல்லை, பல் முகம் பளபளப்பாக, சமமாகத் தேய்ந்திருந்தது. அடியில் சேறு மாதிரி ஒரு படலம். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, நூல் உதிராத துணியால் துடைத்து, காய விட்டேன். வேஸ்ட் பஞ்சை உள்ளே விடாதீர்கள், அதன் நூல் பேரிங்கில் போய்ச் சுற்றும்.

ஷாஃப்டைக் கழற்றுவது எளிது. யூ போல்ட்டுகள் இரண்டு, நான்கு நட்டுகள். கழற்றும் முன் ஷாஃப்டிலும் யோக்கிலும் ஒரே நேரில் உளியால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், அதே நிலையில் திரும்பப் பூட்டினால் அதிர்வு வராது. ஷாஃப்டைக் கீழே இறக்கியதும் ஷாஃப்டை யோக்கோடு இணைக்கும் சிலுவைத் துண்டான கிராஸின் இரண்டு கப்புகளையும் இன்சுலேஷன் டேப் சுற்றிக் கட்டுங்கள். கட்டாமல் விட்டால் ஒரு கப் நழுவி, ஊசி ரோலர்கள் மண்ணில் சிதறும். ஒரு ஊசி தொலைந்தாலும் புது கிராஸ்தான்.

ஷாஃப்ட் கழன்றதும் யோக்கைக் கையால் பிடித்து மேலும் கீழும், உள்ளும் வெளியும் ஆட்டிப் பாருங்கள். என்னைக் கேட்டால் இந்த வேலையிலேயே முக்கியமான நிமிடம் இது. சுற்றும் திசையில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி. மேலும் கீழும் அல்லது உள்ளும் வெளியும் ஆடினால் பினியன் பேரிங் போய்விட்டது. அப்படி ஆடுகிற யோக்கில் எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் நிற்காது, ஆக்சிலைப் பிரித்து பேரிங் மாற்றுவதுதான் வழி. எங்களுடையதில் ஆட்டம் இல்லை. மெதுவாகச் சுற்றினால் ஒரே சீராகச் சுற்றியது, எங்கும் கொர கொர என்ற உணர்வு இல்லை. தண்ணீர் போயும் பேரிங் தப்பியது பெரிய நிம்மதி.

இப்போது அந்த நட்டு. பினியன் இரண்டு டேப்பர் பேரிங்குகளில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பேரிங்குகள் தளர்வாகவும் இருக்கக் கூடாது, இறுகிச் சூடாகவும் கூடாது. அந்த அளவான இறுக்கத்தை எது தீர்மானிக்கிறது என்பதில் ஆக்சில்கள் இரண்டு சாதி. டானா 44-ல் வெளி பேரிங்குக்குப் பின்னால் மெல்லிய ஷிம் தகடுகள் அடுக்கியிருப்பார்கள். நட்டை எவ்வளவு பலமாக இறுக்கினாலும் பேரிங் அந்த ஷிம்மில் முட்டி நின்றுவிடும். அதனால் சீல் மாற்றி, நட்டை முழு பலத்தில் இறுக்கினால் பழைய இறுக்கம் அப்படியே திரும்ப வரும். நல்ல செய்தி என்று சொன்னது இதைத்தான்.

ஜிப்சி, பழைய டொயோட்டாக்கள் போன்றவற்றில் ஷிம்முக்குப் பதில் நசுங்கும் ஸ்பேசர் ஒன்று இருக்கிறது. நட்டு இறுக இறுக அது நசுங்கிக்கொண்டே போகும். அங்கே ஜீப் மாதிரி முழு பலத்தில் இறுக்கினால் ஸ்பேசர் அதிகமாக நசுங்கி, பேரிங் இறுகி, சில நாளில் கத்த ஆரம்பிக்கும். அதைத் தளர்த்திச் சரி செய்யவும் முடியாது, நசுங்கிய ஸ்பேசர் திரும்ப நிமிராது. அந்த வண்டிகளில் கழற்றும் முன்பே நட்டு, யோக், பினியன் நுனி மூன்றிலும் பஞ்சால் புள்ளி குத்தி, சுற்றுவதற்கு எவ்வளவு விசை ஆகிறது என்று அளந்து, திரும்பவும் அதே இடத்துக்கு மயிரிழை கூடுதலாகக் கொண்டுவர வேண்டும். என்னைக் கேட்டால் புது ஸ்பேசரே போட்டுவிடுவது மேல். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரியாமல் பினியன் நட்டில் ஸ்பானர் வைக்காதீர்கள்.

எங்கள் வண்டியில் காசில் நட்டும் ஸ்பிலிட் பின்னும். பின்னைப் பிடுங்கிய பிறகு 1 1/8 அங்குல சாக்கெட், நீள பார். யோக் சுற்றாமல் பிடிக்க, தடித்த பட்டையில் இரண்டு துளை போட்டு யோக்கில் போல்ட் செய்து, அதன் மறு நுனி லீஃப் ஸ்பிரிங்கில் முட்டும்படி வைத்தேன். பைப் ரெஞ்சால் யோக்கைப் பிடிப்பவர்கள் உண்டு. அது கப் உட்காரும் இடத்தைக் கடித்துக் கெடுத்துவிடும். நட்டு கழன்றதும் யோக்கை புல்லர் போட்டு இழுத்தேன். பின்னாலிருந்து சுத்தியலால் அடித்து எடுப்பதை நான் ஏற்கவே மாட்டேன், ஒரு அடி தவறினால் சீல் உரசுகிற முகத்தில் பள்ளம். பழைய சீலை நெம்பி எடுக்கும்போதும் அது உட்கார்ந்திருந்த ஹவுசிங் துளையில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பின்னால் ஆயில் ஸ்லிங்கர் தகடு, பேரிங், ஷிம். நான் ஸ்லிங்கரோடு நிறுத்திவிட்டேன். பேரிங்கை வெளியே எடுப்பதாக இருந்தால் ஷிம்கள் ஒன்றுகூடக் குறையாமல், வரிசை மாறாமல் ஒரு கம்பியில் கோத்து வையுங்கள்.

யோக்கைத் துடைத்துப் பார்த்தால், சீல் உதடு ஓடிய இடத்தில் ஒரு பள்ளம் வளையமாக விழுந்திருந்தது. எடுத்துக்கொண்டு தேனி ரோட்டில் தெரிந்த லேத் பட்டறைக்குப் போனேன். அங்கே இருக்கிற அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கட்டைவிரல் நகத்தைக் குறுக்காக ஓட்டினார்.

"நகம் மாட்டுது பாரு தம்பி. மாட்டாம வழுக்கிட்டுப் போனா எமரி போட்டு மெருகு ஏத்திக் குடுத்துருவேன். மாட்டினா சீல் நிக்காது."

"அப்ப கடைஞ்சு எடுத்துரலாமாண்ணே?"

"கடைஞ்சா விட்டம் கொறையும்ல. கொறைஞ்ச விட்டத்துல அதே நம்பர் சீல் எப்படிப் பிடிக்கும்? ஸ்லீவ் போடு."

சில வண்டிகளில் புது சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ தள்ளி உட்கார வைத்து, உதடு புது இடத்தில் ஓடும்படி செய்வார்கள். நல்ல யுக்தி. ஆனால் எங்கள் சீலுக்கு வெளி விளிம்பு உண்டு, அது ஹவுசிங்கில் முட்டித்தான் உட்காரும், தள்ள முடியாது. அதனால் ஸ்லீவ். எஸ்கேஎஃப் செய்கிற ஸ்பீடி ஸ்லீவ் என்பது வெறும் 0.28 மில்லிமீட்டர் தடிமனான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளையம். அவ்வளவு மெல்லியது என்பதால் அதே அளவு சீல் அப்படியே பொருந்தும். யோக்கின் விட்டத்தைத் தேயாத இடத்தில் மைக்ரோமீட்டரால் அளந்து, அந்த அளவுக்கு வரவழைத்தோம். பள்ளத்தில் இரும்புத் தூள் கலந்த எபாக்சி தடவி நிரப்பி, அது ஈரமாக இருக்கும்போதே ஸ்லீவோடு வரும் கிண்ணத்தை வைத்து நேராகத் தட்டி ஏற்றினார் அண்ணன். கோணலாகப் போனால் தகடு மடங்கிவிடும், திரும்ப எடுத்துப் போட முடியாது. முடிந்ததும் நகத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தார். வழுக்கியது.

புது சீலைப் பூட்டும் முன் பார்க்க வேண்டியது அதன் உள்ளே இருக்கிற சுருள் ஸ்பிரிங். ஸ்பிரிங் தெரிகிற பக்கம் ஆயில் பக்கம். அந்தப் பள்ளத்தில் கொஞ்சம் கிரீஸ் வைத்தால் தட்டும்போது ஸ்பிரிங் துள்ளிக் கழலாது. உதட்டில் கியர் ஆயில் தடவினேன், காய்ந்த உதடு முதல் சில சுற்றிலேயே கருகும். வெளி விளிம்பில் மெல்லிசாக அனபாண்ட் சீலன்ட். சீலின் விளிம்பு அளவுக்குச் சரியாக வரும் ஒரு குழாய்த் துண்டை வைத்து, சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டினேன்.

பலரும் விட்டுவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது. சீல் நன்றாக இருந்தும் நட்டுப் பக்கம் ஆயில் கசிகிறது என்று சொல்வார்கள். அது யோக்கின் உள் ஸ்பிளைன் வழியாக வருகிற ஆயில். பினியன் ஸ்பிளைனுக்கும் யோக் ஸ்பிளைனுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி ஆயிலுக்கு நேர் பாதை, சீல் அதைத் தடுக்காது. ஸ்பிளைன்களைப் பெட்ரோல் போட்டுத் துடைத்துவிட்டு, வெளி நுனிப் பக்கமும் வாஷருக்கு அடியிலும் சீலன்ட் தடவித்தான் யோக்கை ஏற்றினேன்.

நட்டுக்கு வேண்டிய இறுக்கம் 200 முதல் 220 பவுண்டு அடி, நம் கணக்கில் 27.6 முதல் 30.4 கிலோகிராம்-மீட்டர், அதாவது ஒரு மீட்டர் நீள பாரின் நுனியில் அத்தனை கிலோ இழுப்பு. நம் பட்டறைகளில் கிடைக்கிற அரை அங்குல டார்க் ரெஞ்ச் பலவும் அந்த அளவுக்குப் போகாது. போகாவிட்டால் என்ன, சாக்கெட் பாரில் குழாய் செருகி, நட்டின் நடுவிலிருந்து சரியாக ஒரு மீட்டரில் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். ஏலக்காய் மூட்டை நிறுக்கிற கொக்கித் தராசை அந்தக் கோட்டில் மாட்டி, குழாய் கிடைமட்டமாக இருக்கும்போது நேர் கீழாக இழுத்து, தராசு 28 காட்டும் வரை இறுக்கினேன். ஸ்பிலிட் பின் துளை நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்க வேண்டும், பின்னால் தளர்த்தக் கூடாது. இம்பாக்ட் கன்னால் டர்ரென்று அடித்து முடிப்பவர்கள் இருக்கிறார்கள். கழற்ற வேண்டுமானால் சரி. இறுக்க அது வேண்டாம், எவ்வளவு இறுகியது என்று யாருக்கும் தெரியாது, அடி முழுவதும் பேரிங்கிலும் பல்லிலும் விழும். இறுக்கிய பிறகு யோக்கைக் கையால் சுற்றிப் பார்த்தேன். முன்பு இருந்ததைவிட ஒரு சொட்டு கனம், அது புது சீலின் பிடி. ஆட்டம் எதுவும் இல்லை.

ஆயில் 80டபிள்யூ-90, ஜிஎல்-5. கிரவுனும் பினியனும் உரசிச் சுற்றுகிற ஹைபாய்டு வகைப் பல்லுக்கு அந்தத் தரம் கட்டாயம். மிச்சம் இருக்கிறதே என்று அதைக் கியர்பாக்ஸில் ஊற்றாதீர்கள், பித்தளை சிங்க்ரோ வளையங்கள் உள்ள பெட்டிக்கு ஜிஎல்-4தான் ஆகும். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கிச் சமமாக நிறுத்திய பிறகு, நிரப்பும் துளையிலிருந்து வழிகிற வரை ஊற்றினேன். அதற்கு மேல் எந்த வகையிலும் திணிக்கக் கூடாது, அதிக ஆயிலும் சீலைத்தான் தேடி வரும்.

பிரீத்தரை மட்டும் பழைய மாதிரி திரும்பப் போடவில்லை. அந்தத் துளையில் ஒரு நிப்பிள் போட்டு, ஆயில் தாங்கும் ரப்பர் ஹோஸ் மாட்டி, சேசிஸை ஒட்டி மேலே கொண்டுபோய், டெயில் லைட்டுக்குப் பின்னால் வாய் கீழே பார்க்கும்படி கட்டினேன். வாயில் ஒரு சின்னப் பெட்ரோல் ஃபில்டர், பூச்சி கூடு கட்டாமல் இருக்க. ஆக்சில் மேலும் கீழும் போகும்போது இழுபடாத அளவுக்கு ஹோஸில் தளர்வு விட வேண்டும். இனி ஓடைத் தண்ணீர் ஆக்சிலை மூடினாலும் அது இழுப்பது டெயில் லைட் உயரத்துக் காற்றைத்தான்.

லோடு ஏற்றி போடிமெட்டு ஏறினோம். மேலே போய் நிறுத்தி ஆக்சில் மூக்கில் கையை வைத்தேன். சூடு இருந்தது, கையை வைத்துக்கொண்டிருக்க முடிகிற சூடு. தொட்டதும் இழுத்துக்கொள்ளும் அளவுக்குக் கொதித்தால் பினியன் பேரிங் இறுக்கம் கூடியிருக்கலாம், பார்க்காமல் அப்படியே ஓட்டக் கூடாது. யோக் காய்ந்திருந்தது. இறங்கி வந்ததும் யூ போல்ட் நட்டுகளை ஒரு முறை ஸ்பானர் போட்டுப் பார்த்தேன், ஒன்று கால் சுற்று எடுத்தது. இந்த மறு இறுக்கத்தை யாரும் விடாதீர்கள். அடுத்த வாரம் நிரப்பும் பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தபோது ஆயில் மட்டம் அப்படியே இருந்தது, நிறம் தெளிவாகத் தேன் நிறம். கழுவிய அடித்தகட்டில் புது கோடு எதுவும் இல்லை.

முன் ஆக்சிலின் பிரீத்தரையும் கழற்றி ஊதிப் பார்த்தேன், அதுவும் பாதி அடைப்பு. சீல் இன்னும் ஒழுகவில்லை. அங்கேயும் ஒரு நிப்பிள் போட்டு, பானட்டுக்குள் ஹோஸை ஏற்றிக் கட்டியாகிவிட்டது.